வால் இறக்கையில் வாத்துப் பைஜாமா

விமானத்தின் வால் இறக்கையில் ஒரு பைஜாமா தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி. அதில் வரிசை வரிசையாக மஞ்சள் வாத்துகள். பக்கத்திலேயே அறுந்த துணிக்கொடி, அதைக் கடித்துக்கொண்டு விடாப்பிடியாக இரண்டு கிளிப்புகள்.

"யாருதுன்னு தெரியல" என்றார் ஃப்ளையிங் கிளப் தலைவர். யாரும் இன்னும் கேட்கவில்லை.

மச்சான் பைஜாமாவின் இடுப்பைப் பார்த்தான். தலைவரின் இடுப்பைப் பார்த்தான். "அளவைப் பாத்தா யாரோ பெரிய மனுஷனோடதுதான் சார்" என்றான் பணிவாக.

அத்தான் அவன் காலை மிதித்தார். ஊருக்கு அவர் துப்பறியும் நிபுணர். மச்சானுக்கோ அக்கா புருஷன், அதனால் அத்தான். விசிட்டிங் கார்டில் மச்சானுக்கு 'தலைமை உதவியாளர்' என்று போட்டிருந்தாலும், அக்கா அவனுக்குக் கொடுத்திருந்த உண்மையான வேலை வேறு. அத்தானுக்கு யோசனை வந்துவிட்டால் செருப்பு காலில் நிற்காது. கழட்டி ஓரமாக விட்டுவிட்டு யோசிப்பார், விடை கிடைத்ததும் வெறுங்காலோடு கிளம்பிவிடுவார். துப்பு துலங்கிய இடங்களிலெல்லாம் ஒரு ஜோடி போயிருக்கிறது. பின்னாலேயே போய்ச் செருப்பைப் பொறுக்கி வருவதுதான் தலைமை உதவியாளரின் வேலை.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார் அத்தான்.

தலைவர் வீட்டுக் கொல்லை விமான மைதானத்தை ஒட்டியது. காலையில் அவர் கொல்லையில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம். கிளப்பின் இந்தச் சின்ன விமானம், நாலு பேர் உட்காரக்கூடியது, சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே வந்து, துணிக்கொடியை வாரிச் சுருட்டிக்கொண்டு போய் இறங்கியிருக்கிறது. வாயில் நுரையோடு அவர் ஓடிவந்து பார்த்தபோது விமானம் சமர்த்தாக ஹேங்கருக்குள் நின்றிருக்கிறது. இஞ்சின் சூடு. ஆள் இல்லை. சாவி ஆபீஸ் ஆணியிலேயே தொங்கும், அது எல்லாருக்கும் தெரியும்.

"அப்புறம் நானே ஹேங்கரைப் பூட்டிட்டேன். இப்பதான் உங்களுக்காகத் திறக்கிறேன்."

"திருட்டுன்னு சொல்றீங்களா சார்?" என்றான் மச்சான்.

"திருடினவன் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவானா? இது திமிர்." தலைவரின் மீசை துடித்தது. "எவன்னு மட்டும் சொல்லுங்க. விமானத் துறை ஆபீசுக்கு ஒரு போன். அதுக்கப்புறம் அவன் எந்த நாட்டுலயும் விமானத்தைத் தொட முடியாது. கண்ணால பாக்குறதோட சரி."

விமானத்தின் மூக்கருகே ஒல்லியான ஒருவர் பழந்துணியால் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளப்பில் பறக்கக் கற்றுக்கொடுப்பவர், எல்லாருக்கும் வாத்தியார். விசிறி ஏற்கெனவே முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சந்தேகம் யார் மேல?" என்று கேட்டார் அத்தான்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க. எனக்கு மாப்பிள்ளையா வரப்போறவர் மேல."

விஷயம் இதுதான். தலைவருக்கு ஒரே மகள், பல் டாக்டர். மகளை ஒரு பைலட்டுக்குத்தான் கொடுப்பேன் என்று அவள் பால்பல் விழுந்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர் தலைவர். அவள் மேல்படிப்புக்கு வெளிநாடு போன இடத்தில் ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. பைலட் லைசென்ஸ் இருக்கிறது, சொந்தமாக விமானம் ஓட்டுகிறான் என்றதும் தலைவர் குளிர்ந்துபோனார். பையன் இந்த வாரம்தான் வந்திறங்கியிருக்கிறான். இன்று சாயங்காலம் அவனுக்கு இங்கே பறக்கும் பரீட்சை. தேறினால் இரவே நிச்சயதார்த்தம்.

"லைசென்ஸ் இருக்குன்னா பரீட்சை எதுக்கு?"

வாத்தியார் விசிறியை விட்டு நிமிரவில்லை. "அது வெளிநாட்டு லைசென்ஸ். அதை வெச்சுக்கிட்டு நம்ம ஊர் விமானத்துல ஏறிட முடியாது. நான் கூடப் பறந்து பாத்து, சரின்னு சொல்லி, துறை அனுமதி கொடுக்கணும். அதுவரைக்கும் நான் பக்கத்துல உக்காந்திருந்தா அது பாடம். நான் இல்லாம ஓட்டினா அது குத்தம்."

"அந்தக் குத்தத்தைத்தான் பையன் பண்ணிட்டானோன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் தலைவர்.

அத்தான் விமானத்துக்குள் தலையை நீட்டினார். "மச்சான், ஏறி ஓட்டுறவர் சீட்டுல உக்காரு. மீட்டரையெல்லாம் படி."

மச்சான் நல்ல ஆகிருதி உள்ளவன். இடது பக்கத்து முன் சீட்டுக்குள் அவன் இறங்கியது வரை சரி. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே மூச்சுக்கு இடமில்லை. முழங்கால் இரண்டும் காது பக்கம் வந்துவிட்டன.

"அத்தான், நான் மாட்டிக்கிட்டேன்."

"மீட்டரைப் படிச்சிட்டு மாட்டிக்கோ."

"ஸ்டியரிங் குத்துது அத்தான்."

"அது ஸ்டியரிங் இல்ல, கன்ட்ரோல்" என்று திருத்தினார் வாத்தியார்.

"வயித்துல குத்துறப்ப எல்லாம் ஒண்ணுதான் சார்." மச்சான் கண்ணை மட்டும் திருப்பிப் படித்தான். "பெட்ரோல் பாதி. வேகம் பூஜ்யம். உயரம் பூஜ்யம். என் நிலைமையும் அதேதான்."

"உயரம் பூஜ்யமா?" தலைவர் பாய்ந்து வந்தார். "நல்லாப் பாருங்க."

"முள்ளு பூஜ்யத்துலதான் சார் நிக்குது. விமானம் தரையிலதான நிக்குது, சரியாத்தானே காட்டுது?"

தலைவர் ஹேங்கர் சுவரைக் காட்டினார். ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது: இந்த மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்து நூறு அடி. "நாங்க எப்பவும் கடல் மட்டத்துலேர்ந்து கணக்கு வெக்கிறவங்க. தரையில நின்னாலும் எங்க முள்ளு ஆயிரத்து நூறுதான் காட்டணும். வெளிநாட்டுல சில இடத்துலதான் எறங்குற மைதானமே பூஜ்யம்னு வெச்சுக்கிட்டுத் திருகி வெப்பாங்க. கத்துக்கிட்ட எடத்துப் பழக்கம், கை தன்னால போகும். எங்க கிளப்புல ஒருத்தன் இப்படி வெச்சா வாத்தியார் தோலை உரிச்சிருவார்."

வாத்தியாருக்கு இருமல் வந்தது.

"அப்ப ஓட்டினது வெளிநாட்டுல கத்துக்கிட்ட ஆளு" என்றார் அத்தான். தலைவர் பக்கத்திலிருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மச்சானை முன்பக்கமாக வெளியே எடுக்க முடியாது என்று தெரிந்ததும், கக்கத்தில் கை கொடுத்துப் பின்பக்கமாக இழுத்தார்கள். அவன் பொத்தென்று பின் சீட்டில் போய் விழுந்தான். விழுந்த இடத்தில், எதிரே இருந்த பாக்கெட்டில், வாய் மடித்த காகிதப் பை ஒன்று செருகியிருந்தது. துப்பு கிடைத்துவிட்ட பெருமையில் பிரித்துப் பார்த்தான். பிரித்திருக்கக் கூடாது.

"என்ன மச்சான் அது?"

"காலை டிபன் அத்தான். யாரோ சாப்பிட்டு, அப்புறம் மனசு மாறியிருக்காங்க."

அத்தான் தலைவரிடம் திரும்பினார். "காலையிலேர்ந்து உள்ள யாராவது எதையாவது தொட்டாங்களா? சீட்டு, மீட்டர், ஏதாவது?"

"யாரும் உள்ளயே போகல. சாவி என் மடியில."

"சரி. மாப்பிள்ளையைப் பாப்போம்."

மாப்பிள்ளை கிளப்பின் டீ அறையில் இருந்தார். வெயில் மண்டையைப் பிளக்கும் வேளையில் தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி. இவர்களைப் பார்த்து எழுந்தபோது விளக்கில் தலை இடித்தது. அவ்வளவு உயரம்.

"காலையில விமானத்தை எடுத்தது..." என்று தொடங்கினார் அத்தான்.

"நான்தான்."

"நான் இன்னும் கேள்வியை முடிக்கலையே."

"முடிங்க சார். அப்பவும் நான்தான்."

மச்சானுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டால் துப்பறிகிறவர்கள் பிழைப்பது எப்படி?

"எப்படி ஸ்டார்ட் பண்ணீங்க?" என்று கேட்டார் அத்தான்.

"சாவியைப் போட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் வேகமா ஓட்டி... அப்படியே மேல."

"எறக்குனது?"

மாப்பிள்ளை யோசித்தார். "அதேதான். கொஞ்சம் தலைகீழா."

மச்சான் சிரிப்பை அடக்க எதிரே இருந்த பிஸ்கட் தட்டை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினான். அவர் முகம் வெளிறி, தட்டிலிருந்து தள்ளிப்போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

"வயிறு சரியில்லையா சார்?"

"காலையிலேர்ந்து கொஞ்சம்." கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினார். உள்ளே பயந்த, நல்ல கண்கள். "சார், என் பேரை எழுதிக்குங்க. போலீஸ்னாலும் போறேன். ஒரே ஒரு உதவி, அவ பேரு மட்டும் இதுல எங்கயும் வரக் கூடாது. அவ ஒரு தப்பும் பண்ணல."

வெளியே வந்ததும் மச்சான் சொன்னான்: "முடிஞ்சுது அத்தான். தலைவர்கிட்டச் சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம். மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் குடுத்துட்டு வரச்சொல்லி அக்கா அனுப்பினா. நீங்க அதை வண்டியிலயே வெச்சிருக்கீங்க."

"அவ பேருன்னு யாரும் பேச்சையே எடுக்கலையே மச்சான். அவன் ஏன் எடுத்தான்?" அத்தானின் இடது கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. "நீ போய்த் தலைவர் வீட்டுல அந்தப் பைஜாமாவைக் குடுத்துட்டு வா. போனோம், வந்தோம்னு வராத. கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு வா."

தலைவரின் மனைவி பைஜாமாவைக் கண்டதும், "வாத்தா? காலையிலேர்ந்து அதைச் சொல்லியே புலம்பிட்டிருந்தார், கிடைச்சிருச்சா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அதோடு ஒரு மர்மம் தீர்ந்தது. அடுத்ததை மச்சான் வாசலில் பார்த்தான்.

மகள் கிளினிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குட்டையான பெண், அவன் தோளுக்குத்தான் வருவாள். பளிச்சென்ற முகம், அதில் தூக்கம் கெட்ட களை. ஸ்கூட்டர் பக்கத்தில் போனவள் ஏறவில்லை. அதை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தாள். முன் டயரை அமுக்கினாள், பின் டயரை உதைத்தாள். பெட்ரோல் மூடியைத் திறந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். குனிந்து அடியில் ஏதாவது ஒழுகுகிறதா என்று விரலால் தொட்டு முகர்ந்தாள். பிறகுதான் ஏறி உட்கார்ந்தாள். ஹேண்டில்பாரை முழுக்க இடது பக்கம், முழுக்க வலது பக்கம் திருப்பினாள். தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. இருந்தும் இரண்டு பக்கமும் பார்த்து, "கிளியர்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மச்சான் மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னான்: "பைஜாமா தலைவரோடதுதான். அதை விடுங்க. அந்தப் பொண்ணுக்கு ஏதோ ஆயிருச்சு அத்தான். கல்யாண டென்ஷன் போல, பாவம். ஸ்கூட்டரை வலம் வருது, டேங்குக்குள்ள எட்டிப் பாக்குது, ஆளே இல்லாத தெருவுல தனியாப் பேசுது." கண்டதை நடித்தும் காட்டினான். விரலை முகரும் இடத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தினான்.

நடிப்பு முடிந்து பார்த்தால் எதிரே இரண்டு செருப்புகள் மட்டும் இருந்தன. அத்தான் வெறுங்காலோடு ஹேங்கரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எல்லாரும் விமானத்தின் முன் கூடினார்கள். கிளினிக்கிலிருந்து மகளும் வந்துவிட்டாள். தலைவர் கையில் போன். வாத்தியார் கையில் பழந்துணி. மாப்பிள்ளை தோல் ஜாக்கெட்டில் வியர்த்து வழிந்தார்.

"இவரே ஒத்துக்கிட்டாராமே" என்றார் தலைவர். குரலில் கோபத்தைவிட வருத்தம் தூக்கலாக இருந்தது. "ஏன் தம்பி, ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"ஒத்துக்கிட்டார்" என்றார் அத்தான். "அதனால ஒரு சின்ன வேண்டுகோள். மாப்பிள்ளை சார், காலையில உக்காந்து ஓட்டின மாதிரியே ஏறி உக்காருங்க. சீட்டை யாரும் நகர்த்தல, அப்படியேதான் இருக்கு."

மாப்பிள்ளை இடது சீட்டில் ஏறப் பார்த்தார். முதலில் காலை விட்டார், உடம்பு போகவில்லை. உடம்பை விட்டார், கால் வெளியே நின்றது. தலையைக் குனிந்து, இடுப்பை ஒடித்து, ஒரு முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்து எப்படியோ உள்ளே போனார். போனவரின் நெற்றி மீட்டரில் ஒட்டியிருந்தது.

"இப்படித்தான் சார் ஓட்டினேன்" என்றார் உள்ளேயிருந்து.

"எதிர்ல எதுவும் தெரியாதே சார்" என்றான் மச்சான்.

"பழகிருச்சு."

அத்தான் தலைவர் பக்கம் திரும்பினார். "என் மச்சானுக்கு இந்த சீட்டு குறுக்கால பத்தல. இவருக்கு நெடுக்கால பத்தல. கால் எட்டணும்னு சீட்டை முழுக்க முன்னாடி இழுத்துப் போட்டு ஓட்டினவங்க ரொம்ப உயரம் கம்மி. ஆனா வெளிநாட்டுல கத்துக்கிட்டவங்க, முள்ளைப் பூஜ்யத்துல வெச்சாங்க பாருங்க. அதோட, வண்டின்னு ஒண்ணு கையில கிடைச்சா, அது ஸ்கூட்டரா இருந்தாக்கூட, டயரை அமுக்கி, டேங்கை எட்டிப் பாத்து, ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்து, கிளியர்னு குரல் குடுத்துட்டுத்தான் கிளப்புவாங்க. ஒவ்வொரு தடவை பறக்குறதுக்கு முன்னாடியும் பைலட்டுங்க செய்யுறது அது. பழக்கம் யாரை விட்டுது?"

மகள் முன்னால் வந்தாள்.

"போதும் சார்" என்றாள் மகள். "நான்தான் அப்பா. அவரை வெளிய எடுங்க, மூச்சு முட்டும்."

தலைவர் பேயறைந்தவர் போல நின்றார். "நீ அங்க பல்லு படிக்கத்தானேம்மா போனே?"

"பல்லு மத்த நாள்ல. விமானம் ஞாயித்துக்கிழமையில. லைசென்ஸ் என்னோடது. சின்ன வயசுல உங்ககிட்டக் கேட்டேன், எனக்கும் கத்துக்குடுங்கன்னு. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு சொல்லி, வாத்தியாரையும் கூப்பிட்டு எனக்குச் சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னுட்டீங்க. அதனால வேற ஊர்ல போய்க் கத்துக்கிட்டேன்."

"அப்ப இவன்?"

மாப்பிள்ளை ஒவ்வொரு பாகமாக வெளியே வந்துகொண்டிருந்தார். "எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை சார். லைசென்ஸெல்லாம் கிடையாது. சைக்கிள் நல்லா ஓட்டுவேன்."

"இப்ப பரீட்சைன்னு வந்து நிக்கிறியே, மேல போய் என்னடா பண்றதா இருந்தே?"

"காய்ச்சல் வந்துரும்னு நம்பிக்கிட்டிருந்தேன் சார். வரல."

"பைலட்டுக்குத்தான் பொண்ணுன்னு நீங்க ஒத்தைக் கால்ல நின்னீங்க" என்றாள் மகள். "அங்க என் கூடப் பறக்க வந்தவங்க எல்லாம் ஒரு தடவை போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இவருக்கு மேல போனாலே குமட்டும். இருந்தும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து நின்னாரு. ஏன் வர்றீங்கன்னு கேட்டேன். நீ எறங்குற வரைக்கும் கீழ நின்னு தவிக்கிறதுக்கு இதுவே தேவலாம்னாரு. எனக்கு அதுக்கு மேல யாரும் வேண்டாம்ப்பா."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தலைவருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும், ஆனால் அவர் கிளப்புக்குத் தலைவர். எல்லார் முன்னாலும் ஒரு சொல் சொல்லியிருந்தார்.

"உன் லைசென்ஸும் வெளிநாட்டு லைசென்ஸ்தானே. இங்க அனுமதி வாங்காம, தனியா, என் கிளப் விமானத்தை எடுத்திருக்கே." போனைத் தூக்கினார். "எவனோ ஒருத்தன் பண்ணியிருந்தா நான் விட்டிருப்பேனா? பெத்த பொண்ணுன்னு விட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் தலைவர் நாற்காலியில உக்காருவேன்?"

மகள் விமானத்தின் இறக்கை மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்த போன் போய்விட்டால் இனி எந்த ஊரிலும் அவள் கை இறக்கையைத் துடைப்பதோடு நின்றுவிடும். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் போய் நின்றார், செய்ய வேறு ஒன்றும் தெரியாமல்.

தலைவர் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அத்தான். "மச்சான், அந்தக் காகிதப் பை எங்க இருந்தது?"

"அதை ஞாபகப்படுத்தாதீங்க அத்தான். பின் சீட்டுல. நான் விழுந்த சீட்டுக்கு எதிர் பாக்கெட்டுல."

"யாரோடது?"

மாப்பிள்ளை வெட்கத்தோடு கையைத் தூக்கினார்.

"பாருங்க தலைவரே" என்றார் அத்தான். "கல்யாணம் பண்ணிக்கப்போற ஜோடி. காலை வேளை. யாரும் பாக்கல. முன்னாடி ரெண்டு சீட்டு. ஒண்ணுல இவங்க உக்காந்து ஓட்டுறாங்க. குமட்டினாலும் பரவாயில்ல, இவங்களை விட்டு இருக்க மாட்டேன்னு வர்ற மனுஷன், பக்கத்துல சீட்டு சும்மா கிடக்குறப்ப பின்னாடி போயா உக்காருவார்?"

தலைவரின் விரல் நின்றது.

"மாட்டார்" என்றான் மச்சான். "நானா இருந்தா மடியிலயே..." அத்தான் மீண்டும் அவன் காலை மிதித்தார். வெறுங்கால் என்பதால் வலிக்கவில்லை.

"அந்த சீட்டு சும்மா இல்ல. அதுல ஒரு ஆள் இருந்தார். வாத்தியாரே, அந்த விசிறி தேய்ஞ்சே போயிரும், விடுங்க."

பழந்துணி கீழே விழுந்தது.

"ஆமாய்யா, நான்தான்" என்றார் வாத்தியார். சொன்னதும் பாரம் இறங்கியது போல நிமிர்ந்தார். "தனக்கும் அனுமதி வேணும், பரீட்சை வெயுங்கன்னு பாப்பா கேட்டுது. சொல்லிக்குடுக்காதேன்னுதான் நீங்க சொன்னீங்க, பரீட்சை வெக்காதேன்னு சொல்லல. தேறினப்புறம் ராத்திரி தானே உங்ககிட்டச் சொல்லிடறேன்னுது. அதான் காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி எடுத்தோம். நான் வலது பக்கம், பாப்பா இடது பக்கம், இவர் பின்னாடி பையும் கையுமா. இஞ்சின் நின்னுட்டதா வெச்சுக்கிட்டு எறக்குன்னு சொன்னேன், அதான் சத்தமில்லாம வந்தோம். நல்லாத்தான் வந்துது. உங்க துணிக்கொடி கணக்குல இல்ல."

"நான் ஓடிவந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மூணு பேரும் ஹேங்கருக்கு வெளிய, பெட்ரோல் பீப்பாய்க்குப் பின்னாடி. அந்த வாத்தை அவுக்குறதுக்குள்ள நீங்க நுரையோட வந்துட்டீங்க. உங்களை அந்தக் கோலத்துல பாத்ததும் எனக்குச் சொல்ல வாய் வரல. சோத்துல மண்ணு விழுந்துரும்னு பயம்."

"வாத்தியார் பக்கத்துல இருந்தா அது பாடம்" என்றார் அத்தான். "காலையில நீங்களே கேட்டீங்க. குத்தமே நடக்கல. போனை உள்ள வெயுங்க."

தலைவர் போனை வைத்தார். வைத்த பிறகும் முகம் தெளியவில்லை. "பரீட்சையில?" என்று கேட்டார் வாத்தியாரிடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"மீட்டரைத் திருகுற அந்தப் பழக்கத்தை விடணும். மத்தபடி நான் சொல்லிக்குடுத்ததுல யாரும் இவ்வளவு மெத்துன்னு எறக்கினதில்ல. சொல்லிக்குடுக்காததுனாலயோ என்னமோ."

"சரி. ஓட்டத் தெரியும்னே வெச்சுப்போம்." தலைவர் மகளைப் பார்த்தார். "நான் ஏன் வேண்டாம்னேன்னு நெனச்சே? பயம்மா. நீ மேல போயிட்டா நான் கீழ நின்னு எப்படிப் பாத்துக்கிட்டிருப்பேன்?"

"மாப்பிள்ளை மேல போறதுன்னா பரவாயில்லையாப்பா?"

"அது அடுத்தவங்க பெத்த பிள்ளை" என்றார் தலைவர், யோசிக்காமல். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப கீழ நிக்காதீங்க" என்றாள் மகள். "கூட வாங்க."

தலைவர் ஓரடி பின்னால் போனார். "காது அடைக்கும் எனக்கு."

"கிளப் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதைத்தான் சொல்றார்" என்றார் வாத்தியார் அத்தானிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. "ரிப்பன் வெட்டுவார், கொடி ஏத்துவார், விமானத்துல மட்டும் ஏற மாட்டார்."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தலைவர் என்னதான் செய்ய முடியும்? பின் சீட்டில் ஏறினார். பெல்ட்டை இரண்டு முறை மாட்டினார், மூன்றாவது முறை இழுத்துப் பார்த்தார். வாத்தியார் வலது பக்கம் ஏறிக்கொண்டார். மகள் விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, டயரை அமுக்கி, டேங்கை எட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். இஞ்சின் உறுமியது. ஓடுதளத்தின் பாதியிலேயே சக்கரம் தரையை விட்டது. கீழே நின்ற மூவரும் கழுத்து வலிக்கப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தவித்த தவிப்பைப் பார்த்து, மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

விமானம் ஊரைச் சுற்றி வந்து, பூப்போல இறங்கி, ஹேங்கர் முன்னால் வந்து நின்றது. கதவு திறந்தது. தலைவரின் முகம் வெளுத்திருந்தது, மீசை கலைந்திருந்தது. கால் தரையில் பட்டதும் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். மகள் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"மேலேர்ந்து நம்ம வீடு தெரிஞ்சுது" என்றார் தலைவர். "மொட்டை மாடியில தண்ணித் தொட்டி நிரம்பி வழியுது. காலையில போட்ட மோட்டாரை ஒருத்தரும் நிறுத்தல."

எல்லாரும் அவர் வீட்டு மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பைலட் போதும்" என்று தொடர்ந்தார். நெட்டையாக நின்ற கண்ணாடிக் கடைக்காரரை அண்ணாந்து பார்த்தார். "நீங்க கீழயே இருங்க, மாப்பிள்ளை. நானும் அவளும் மேல போயிட்டா மோட்டாரை நிறுத்த வீட்டுல ஒரு ஆள் வேணும். என்ன நின்னுக்கிட்டிருக்கீங்க, ஓடுங்க."

மாப்பிள்ளை தோல் ஜாக்கெட்டைக் கழட்டி மச்சான் கையில் திணித்துவிட்டு, தலைவர் வீட்டை நோக்கி ஓட்டமாக ஓடினார்.